நீக்கிய வரி

ஆலங்குடா மீனவர் சங்கத்துக்குக் காற்று எச்சரிக்கை வந்தபோது பகல் ஒரு மணி. மூன்று மணிக்குள் எல்லாரும் கரையேறிவிட வேண்டும். கடலில் முப்பத்தொரு படகு. கணினிப் பட்டியலில் அவற்றுக்குக் குறியிட்டால்தான் குறுஞ்செய்தி போகும். சங்க எழுத்தர் ஜெயந்தன் குறியிடப் போனான். திருத்தும் பொத்தானையே காணவில்லை. மேலே சிவப்புப் பட்டை: வரிகளைப் பிரித்தறியத் தனி அடையாளம் இல்லை, திருத்த முடியாது.

"இப்ஹாம், காலைல என்ன செஞ்ச?" என்று உதவியாளனிடம் கேட்டான்.

"பழைய லிஸ்டையும் புது லிஸ்டையும் ஒண்டாச் சேத்து ஏத்தினன் மச்சான். வேல கொறையட்டும் எண்டு."

"நல்லாக் கொறஞ்சிட்டு. கரைக்கு ஓடு. நிக்கிற ஆக்கள இறங்க விடாத."

படகு இலக்கத்தையே அடையாளமாக வைத்துப் பார்த்தான். மறுபடி சிவப்பு. ஏதோ ஓர் இலக்கம் இரண்டு தடவை இருக்கிறதாம். வரிசைப்படுத்தித் தேடினான். மணி ஒன்று இருபது.

அகப்பட்டது. உரிமையாளர் இன்னாசிப்பிள்ளை, அவனுடைய மாமனார். இரண்டு வரி, இரண்டு தொலைபேசி எண். ஒன்று மாமாவுடையது. மற்றது அவன் மனைவி மெலனியுடையது.

அவள் இறந்து எட்டு மாதம். அவளுடைய எண் இருக்கும் வரிதான் பழையதாக இருக்க வேண்டும். யோசிக்க ஒன்றுமில்லை. நீக்கவா என்று திரை கேட்டது. ஓம் என்றான்.

பொத்தான்கள் திரும்பி வந்தன. முப்பத்தொன்றுக்கும் குறியிட்டு அனுப்பினான். முப்பது போய்ச் சேர்ந்தது. ஒன்று சேரவில்லை. மாமாவின் எண்.

அழைத்துப் பார்த்தான். ஃபோன் அணைந்திருந்தது. வெளியே கொடிமரத்துக் கயிறு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் மாமிக்கு அழைத்தான். அந்த வீட்டோடு அவன் கதைத்துப் பல மாதம்.

"மாமி, மாமாட ஃபோன் வேலை செய்யேல்ல."

"அது அலுமாரிக்குள்ள கிடக்கு மகன். உப்புத் தண்ணி திண்டிட்டு."

கடலுக்கு நல்ல ஃபோனை யாரும் கொண்டுபோவதில்லை. வீட்டில் ஆளில்லாமல் கிடக்கும் ஃபோன்தான் பொலித்தீனில் சுற்றிப் படகேறும். ஜெயந்தனுக்கு அது தெரியும்.

"அப்ப எந்த ஃபோன கொண்டு போனவர்?"



"பிள்ளைட ஃபோன். நீங்கதானே உடுப்புப் பையோட தந்தீங்க. சங்கத்துக்கும் அந்த நம்பரத்தான் குடுத்தவர். ஏன் மகன், காத்தா?"

"ஓம் மாமி. நான் பாக்கிறன்."

மிஞ்சிய வரியைத் திறந்து எண்ணை அழித்தான். மெலனியின் எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. விரல்கள் தாமாகவே அடித்தன. அனுப்பினான். நிலைமைக் கட்டத்தில் ஒன்றும் விழவில்லை. மறுபடி அனுப்பினான். அதே எண்ணுக்கு அழைத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. இயந்திரச் சத்தத்தில் எங்கே கேட்கப் போகிறது? இன்னொரு தடவை அனுப்பினான்.

இரண்டு மணி. இரண்டு பத்து. கரையிலிருந்து வந்த இப்ஹாம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தான்.

இரண்டு பதினேழுக்கு மேசையில் கிடந்த ஜெயந்தனின் ஃபோன் அதிர்ந்தது. திரையில் 'மெலனி' என்று இருந்தது.

"எடு மச்சான்," என்றான் இப்ஹாம்.

கை போகவில்லை. நான்காவது மணியில்தான் எடுத்தான். முதலில் காற்று இரைந்தது. பிறகு மாமாவின் குரல் கத்தியது.

"திரும்பிட்டம் மகன்! ஒரு தரம் சொன்னாக் காணாதா? மூண்டு தரம் அனுப்பியிருக்கிறீங்க!"

"ஓம் மாமா," என்றான். "ஃபோன வெக்காதீங்க. கரை வரைக்கும் கதைச்சுக்கொண்டே வாங்க."