வெள்ளத்துக்கு நாங்கள் தயார்

ரயில் பாலம் கட்டும் இடத்தில் அவள் வடிகால் பொறியாளர். ஆற்றில் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலும் அக்கம்பக்கத்தார் அவள் அம்மாவிடம் வந்து, "உங்க பொண்ணு என்ன இப்படிப் பண்ணுது?" என்று கேட்பார்கள். அம்மாவும், "சொல்லி வைக்கிறேன்" என்று அனுப்பிவிடுவாள்.

அன்று காலையிலிருந்தே மழை. மதியத்துக்கு மேல் அம்மா போன் செய்தாள்.

"வாசல்ல மூணு படியில ரெண்டு முழுகிடுச்சு. உன் தண்ணிதானே, என்னன்னு பாரு."

"அப்பா?"

"கட்டில்லதான். இடுப்புல கம்பி வெச்ச மனுஷன் எங்க போவாரு? அசைக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. பக்கத்து வீட்டுக்காரங்க மாடிக்குத் தூக்கிறலாம்னாங்க. வேண்டாம், என் பொண்ணு வேலை பாக்குற ஆறுதான்னு சொல்லிட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

தூண் எழுப்புவதற்காக, ஆற்றின் குறுக்கே மண்ணைக் கொட்டி லாரிகளுக்கு ஒரு பாதை போட்டிருந்தார்கள். அடியில் தண்ணீர் போகப் பெரிய குழாய்கள். குழாய்களுக்கு அடங்காத வெள்ளம் வந்தால் பாதையை நடுவில் வெட்டிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இந்த மழைக்குக் குழாய்களே தாராளம். ஓடிப்போய்ப் பார்த்தாள். பாதைக்குக் கீழ்ப்பக்கம் கணுக்கால் அளவு தண்ணீர். அவள் வீடு இருக்கும் மேல்பக்கம் ஆள் உயரத்துக்கு நின்றது.

குழாய் வாய்களைக் காணோம். மறுநாள் காலை, வெள்ளத் தடுப்பு ஏற்பாடுகளைப் பார்வையிடப் பெரிய அதிகாரி வருகிறார். குழாய் வாயில் குப்பை ஒதுங்கிப் பார்க்க அசிங்கமாக இருந்ததால், மேலாளர் அதற்கு முன்னால் நீளமாக ஒரு பேனர் கட்டி மறைக்கச் சொல்லியிருந்தார். 'வெள்ளத்துக்கு நாங்கள் தயார்' என்று அதில் எழுதியிருந்தது. தண்ணீர் அந்தப் பேனரைக் குழாய்களோடு வைத்து அழுத்தி, மூடி போட்டதுபோல் அடைத்திருந்தது.

மேலாளர் கொட்டகையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பாதையை வெட்டணும். இப்பவே."

"அவர் அக்கரையிலேர்ந்து கார்ல வர்றாரும்மா. பாதை இல்லாம எப்படி வருவாரு? பார்த்துட்டுப் போகட்டும், அப்புறம் ஆசை தீர வெட்டிக்கோ."

"பேனரை எடுக்க ஆளை இறக்கினா குழாய் உள்ள இழுத்துரும் சார். மேல்பக்கத்து வீட்டுல எங்க அப்பா எழுந்திரிக்க முடியாம கிடக்குறாரு."

"எல்லாருக்கும் அப்பா இருக்காரும்மா," என்று சொல்லிவிட்டு மைக்கைத் தட்டினார். மைக் நன்றாக வேலை செய்தது.

அவள் நேரே பொக்லைன்காரரிடம் போனாள்.

"சார் சொன்னாரா மேடம்?"

"நான் சொல்றேண்ணே. வேலை போனா என்னோடது போகட்டும்."

"கீழ யாராவது?"

"வெறும் மணல்தான். முதல்லயே ஆள் அனுப்பிப் பார்த்துட்டேன்."

அவர் யோசித்தார். "இந்தப் பக்கம் நின்னுதான் வெட்டுவேன். சாப்பாடு இங்க இருக்கு."

பொக்லைன் சத்தம் கேட்டதும் மேலாளர் பாய்ந்து வந்தார். வண்டியைத் தாண்டி ஓடி, நடுப்பாதையில் கையை விரித்துக்கொண்டு நின்றார். "என்னைத் தாண்டி வெட்டு பார்ப்போம்!"

பொக்லைன்காரர் மரியாதை தெரிந்தவர். அவரைத் தாண்டவில்லை, அவருக்கு இந்தப் பக்கமே வெட்டினார். மேலாளர் திட்டிக்கொண்டே ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார். தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு பேனரோடு பாய்ந்தது. திட்டி முடித்து நிமிர்ந்தபோது அவர் அக்கரையில் இருந்தார். நாற்காலிகளும் பூங்கொத்தும் மைக்கும் இக்கரையில் இருந்தன.

"இறங்குது" என்று அம்மா போனில் சொன்னாள். அவளுக்கு அப்பாவைக் கண்ணால் பார்த்தால்தான் உயிர் வரும். ஆனால் வெட்டிய கரை சரியாமல் மணல் மூட்டை அடுக்க வேண்டியிருந்தது. விடியும்வரை நகர முடியவில்லை.

காலையில் அதிகாரியின் கார் அக்கரையில் வந்து நின்றது. அக்கரைக் காவலாளியின் போர்வையோடு மேலாளர் அவரை வரவேற்றார். அதிகாரி வெட்டிய இடத்தையும் ஓடும் தண்ணீரையும் பார்த்தார்.

"நேரத்துக்கு வெட்டியிருக்கீங்க! யாரு வெட்டச் சொன்னது?" என்று இக்கரையைப் பார்த்துக் கத்தினார்.

அவள் கையைத் தூக்கினாள்.

"நான்தான் சார்," என்றார் அதிகாரியின் பக்கத்திலிருந்த மேலாளர். "ராத்திரி பூரா இங்கயே இருந்தேன்."

அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொக்லைன்காரர் அவளைப் பார்த்தார். அவள் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூன்றாவது படியிலும் சேறு ஏறியிருந்தது. உள்ளே அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குனிந்து கட்டில் காலைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அம்மா வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அழுது முடிச்சிட்டு வெளக்கமாத்தை எடு," என்றாள். "மூணு படியிலயும் உன் சேறுதான்."