ஏழு டைல்களுக்கு அடியில்

1

இல்லை, அந்த ஆரம்பம் சரிவரவில்லை. ‘கரிசல் மண் சும்மா கிடப்பதே இல்லை’ என்று தொடங்கினேனே, அதை எடுத்துவிட்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே பழியை மண் மேல் போட்டுவிடுகிறது.

கதை எங்கிருந்து வந்தது என்பதையே சொல்லிவிடுகிறேன். நான் பானு. கோவில்பட்டியில் ஒரு டைல்ஸ் கடையில் பில் போடுகிறேன். ஆவணியில் பசுவந்தனையிலிருந்து ஜெயகிருஷ்ணன் என்பவர் வந்தார், கூடவே கொத்தனார் சங்கிலிப்பாண்டி. ஜெயகிருஷ்ணனின் மனைவி சத்தியபாமா, சத்துணவு அமைப்பாளர். வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். கரிசலில் கட்டிய வீடு. மழைக்கு மண் ஊதி, கோடைக்கு வெடித்து, சிமெண்ட் தரை நடுவில் புடைத்திருந்தது. அதில்தான் கால் இடித்திருக்கிறது.

“நாளை மறுநாள் கூட்டிட்டு வாரோம்மா. வாக்கர் பிடிச்சுத்தான் நடக்கணும். தரையில ஒரு நெல்லு அளவு மேடுகூட இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு.”

“அப்போ சீக்கிரம் இறுகுற பசை இருக்கு சார். புடைப்பைக் கொத்தி எடுத்துட்டு, பழைய தரை மேலயே ஒட்டிரலாம். காலைல ஒட்டினா சாயங்காலம் நடக்கலாம்.”

சங்கிலிப்பாண்டி மூட்டையைத் தட்டிப் பார்த்தார். “சாயங்காலமேவா? நம்ம சிமெண்டு கலவை மூணு நாள் படுத்துத்தான எந்திரிக்கும்.”

“இது அரை மணி நேரத்துல இறுகிரும் அண்ணாச்சி.”

“எங்க வீட்டுக்காரி வெயிலுகந்தம்மா கணக்கா. நான் பேச்சை முடிக்கதுக்குள்ள முடிவு சொல்லிருவா.”

ஜெயகிருஷ்ணன் சிரித்தார். பல நாள் கழித்துச் சிரிக்கிறவர் மாதிரி இருந்தது. (இந்த வரியை வைக்கலாமா என்று தெரியவில்லை. அவர் எத்தனை நாளாகச் சிரிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?)

2

தரை போடும் காட்சி. நான் அங்கே இல்லை. சங்கிலிப்பாண்டி சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

சங்கிலிப்பாண்டி ஒரு மூட்டையை முழுசாகச் சட்டியில் கொட்டிக் குழைத்தார். முப்பது வருஷமாகச் சிமெண்டை அப்படித்தான் குழைக்கிறார். பல் வைத்த கரண்டியால் பசையை இழுத்துவிட்டு, டைலை அமர்த்தி, ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. அடுத்த டைல். அதிலும் நடுவில் நின்றது.

பதினோரு மணிக்கு வெயிலும் சூட்டுக்காற்றும் சேர்ந்துகொண்டன. சட்டியில் பாதி மிச்சம் இருக்கும்போதே பசை இறுகத் தொடங்கியது. இறுகுகிற சிமெண்ட் கலவையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிண்டிக்கொள்வது இந்தப் பக்கத்துக் கொத்தனார்களின் கைப்பழக்கம். சிமெண்ட் அதைப் பொறுத்துக்கொள்ளும். இந்தப் பசை பொறுக்காது. இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் பட்டால் பிடிப்பு போய்விடும். மேலே டைல் மட்டமாகவே நிற்கும், அடியில் ஒட்டியிருக்காது. இது தெரியாமல் அவர் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, அவராகவே

(மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் ‘அவராகவே’ என்ற இடத்தில் கை நிற்கிறது.)

3

அதனால் சங்கிலிப்பாண்டியை மாற்றிப் பார்த்தேன். ஒரு பிரதியில் அவசரக்காரர். இன்னொன்றில் சாயங்காலம் வேறு இடத்தில் வேலை ஒப்புக்கொண்டவர். ஒன்றில் அவரைக் குடிக்கக்கூட வைத்தேன். டீக்கு மேல் எதையும் தொடாத மனுசன். அந்தப் பிரதியை அழித்துவிட்டேன், ஆனால் எழுதினேன் என்பது உண்மை.

எப்படி மாற்றினாலும் அவர் கதையில் நிற்க மறுக்கிறார். ஏனென்றால் அவர் கேட்காமல் செய்கிறவர் இல்லை.

கேட்டார். எனக்குப் போன் போட்டார்.

“எம்மா பானு, சங்கிலிப்பாண்டி பேசுதேன். பசை இறுகுது. கொஞ்சம் தண்ணி விடலாமா?”

என் முன்னால் ஒரு புருசனும் பெண்டாட்டியும் பாத்ரூம் சுவரில் பூ வேண்டுமா மீன் வேண்டுமா என்று கால் மணி நேரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“விடுங்க அண்ணாச்சி.”

“எவ்வளவு?”

“பாத்து விடுங்க.”

வைத்துவிட்டேன்.

* இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் சேர்க்கக் கூடாது என்று மூட்டையின் பின்பக்கம் போட்டிருக்கிறது, இந்தியிலும் இங்கிலீஷிலும். சங்கிலிப்பாண்டிக்கு இரண்டும் வாசிக்க வராது. எனக்கு இங்கிலீஷ் வரும். ஒரு வாரம் கழித்து வேறொரு மூட்டையைத் திருப்பி வைக்கும்போதுதான் வாசித்தேன்.

4

போன வாரம் சங்கிலிப்பாண்டி கடைக்கு வந்தார். ஒன்றும் வாங்கவில்லை.

“அந்தப் பசுவந்தனை வீட்ல ஏழு டைல் பொத்துன்னு கேக்குது தாயி, அடியில ஒட்டல. சுத்திக் காம்பால தட்டிப் பாத்தேன். கட்டில்ல இருந்து வாசலுக்குப் போற வழி.”

“அவியகிட்ட சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்ல? அந்தம்மா, ‘கண்ணாடி கணக்கா போட்டுட்டீய அண்ணாச்சி, இப்பத்தான் பயமில்லாம நடக்குதேன்’னு சொல்லுதாவ. வாக்கர இங்கனக்கும் அங்கனக்கும் தள்ளிக் காட்டுதாவ.” தன் உள்ளங்கையைப் பார்த்தார். “என் கைக்குப் புதுச் சரக்கு ஒத்து வரல. இனிமே தரை வேலைக்குப் போகல.”

அந்தப் போனைப் பற்றி அவர் பேசவே இல்லை. மறந்துவிட்டாரா, எனக்காக விட்டாரா, தெரியவில்லை. நானும் பேசவில்லை. பில் புத்தகத்தில் தேதி எழுதினேன்.

5

முடிவுகள்.

அ. மழை பெய்யவில்லை, மண் ஊதவில்லை, டைல் எழும்பவில்லை. இங்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பதுதான், நம்பக்கூடிய முடிவு. ஆனால் ஜெயகிருஷ்ணன் உளுந்து விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் கதை பிழைப்பதற்காக அவர் நிலம் காய வேண்டும் என்று எழுத முடியுமா?

ஆ. மழை பெய்கிறது. ஊரே சந்தோசமாக இருக்கிறது. ஏழில் ஒரு டைலின் ஓரம் விரல் கனத்துக்கு எழும்புகிறது. சத்தியபாமா வாக்கரின் முன்காலை

(இதை எழுத மாட்டேன்.)

இ. சங்கிலிப்பாண்டி மனசு கேட்காமல் தானே போய்ச் சொல்லி, ஏழையும் பெயர்த்து மறுபடி ஒட்டிக் கொடுக்கிறார். நடக்கக்கூடியது இதுதான். எனக்கு வசதியானதும் இதுதான். தப்பு அவர் கையில் நின்றுவிடும், கடைசிவரைக்கும்.

6

மூன்றுமே வேண்டாம் என்றுதான் நாளைக்குக் காலையில் பசுவந்தனைக்கு பஸ் ஏறுகிறேன். வானம் இரண்டு நாளாக மூடிக்கிடக்கிறது. ஜெயகிருஷ்ணனிடம் முதலில் சொன்னால் அவர் நேரே போய்ச் சங்கிலிப்பாண்டியின் சட்டையைப் பிடிப்பார். அதனால் சத்தியபாமாவிடம்தான் சொல்ல வேண்டும், என் வாயால். என்ன சொல்வது என்பதை எழுதி வைத்துவிட்டேன், இரண்டே வரி.

சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. அந்த நேரத்தில் ஜெயகிருஷ்ணன் நிலத்துக்குப் போயிருப்பார், சத்தியபாமா தனியாகத்தான் இருப்பார். கதவைத் தட்டினால் கட்டிலில் இருந்து எழுந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு, அந்த ஏழு டைல் மேல்தான் நடந்து வந்து திறப்பார். ஒன்றரை மாதமாகத் தினமும் அதன் மேல்தான் நடக்கிறார், தெரியும். ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்த நான் கூப்பிட்டு அவர் நடக்கக் கூடாது இல்லையா?

வாசலில் நின்றுகொண்டு, அவரை எழுந்திருக்கவிடாமல் எப்படிக் கூப்பிடலாம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?