தண்ணீர் குடிக்காத ஓட்டுநர்

என் வீட்டுக்காரர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர். மாத்திரை தின்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். நாள்கணக்கில் வயிறு போகாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாலும், மருந்து என்று நான் வாயைத் திறக்கக் கூடாது. போய்யா என்று, அவருடைய ஓட்ஸ் கஞ்சியில் மலச்சிக்கலுக்கான நார்ப்பொடியைச் சத்தமில்லாமல் கலந்து கொடுத்துவந்தேன். பலனைக் காணோம் என்று இன்று காலை இரண்டு மடங்கு போட்டேன்.

அவர் கிளம்பிய பிறகு துவைக்க எடுத்த காக்கிச் சட்டையில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. இதோடு என் பொடியும் சேர்ந்தால் என்ன ஆகுமோ? அட்டையையும் பொடி டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன்.

கடைக்கார அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அடிக்கடி ஒண்ணுக்கு வர்றதை நிறுத்துற மாத்திரை. குடலையும் சேர்த்து மந்தமாக்கிடும்."

"அப்ப அவருக்கு வயிறு போகாததே..."

"இதனாலயே இருக்கலாம். பொடியும் மாத்திரையும் சேர்ந்தா விஷமெல்லாம் ஆகாதும்மா. ஆனா பொடிக்கு நெறைய தண்ணி வேணும். பத்தலன்னா உள்ளயே இறுகி அடைச்சுக்கும். வயித்துவலி, வாந்தி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். அவர் தண்ணி நல்லா குடிப்பார்ல?"

வழியில் இறங்க வேண்டிவரும் என்று, வண்டியெடுத்தால் ஒரு மடக்குகூடக் குடிக்காத மனுஷன் அவர்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போய் நின்றேன். சாயங்காலம் அவருடைய வண்டி வந்தது. ஓட்டி வந்தது வேறு ஆள்.

கண்டக்டர் குதித்து இறங்கினார். "பயப்படாதீங்க அண்ணி. பாதி வழியில வயிறு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னா கேக்கல. மாத்து டிரைவரை ஏத்திக்கிட்டோம்."

பயப்படாமல் எப்படி இருப்பது? கடைசி சீட்டில் சுருண்டு கிடந்தார். சட்டையெல்லாம் வாந்தி. தொட்டுப் பார்த்தேன், வயிறு கல்லாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்றார்.

அந்த வலியிலும் என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல டாக்டர், நமக்கு மாத்திரையே ஆகாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தேன். "மாத்திரை எனக்குத் தெரியாம இவர் தின்னது. பொடி இவருக்குத் தெரியாம நான் போட்டது."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்ட சத்தத்திலேயே எனக்கு உயிர் போனது. ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போது அவர் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்கடி ஒண்ணுக்கு வருதுன்னு சொன்னா வண்டியைப் புடுங்கிடுவாங்கன்னுதான்டி... பொழைச்சுக்குவேனா?"

டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். இவர் என்னைத்தான் கேட்டார்.