அட்டையில் போட்ட ஊசி

கதைகளில் வரும் விலங்குகளுக்கு ஒரு வசதி உண்டு. தமக்கு நேர்ந்ததைத் தாமே வாய் திறந்து சொல்லிவிடும். தையற்கடையின் வாசற்படியில் படுத்திருந்த பட்டன் என்ற நாய்க்கு அந்த வசதி இல்லை. இருந்திருந்தால், நகராட்சி ஊழியர் அதன் தடுப்பூசி அட்டையைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கும்மா, ரெண்டு ஊசியும் போட்டாச்சு" என்று நாய் வளர்ப்பதற்கான உரிமச் சீட்டை நீட்டியபோது, "ஐயா, எனக்கு ஒன்றுதான் போட்டார்கள்" என்று அது குறுக்கிட்டிருக்கும்.

அவர் போன பிறகுதான் தையற்காரி அந்த அட்டையை முதன்முறையாக ஊன்றிப் பார்த்தாள். மருந்துக் குப்பிகளிலிருந்து உரித்து ஒட்டிய இரண்டு ஸ்டிக்கர்கள். ஒன்று ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி, மற்றொன்று வெறிநோய்க்கானது. இரண்டுக்கும் கீழே ஒரே தேதி, இரண்டு மாதங்களுக்கு முந்தைய தேதி.

அந்த நாளை அவள் எப்படி மறப்பாள்? பட்டனுக்கு ஒரு வயது நிரம்பிய வாரம் அது. தட்டில் இரண்டு ஊசிகள் தயாராக இருந்தன. முதலில் கூட்டு ஊசியைப் போட்டதும் மருத்துவருக்குத் தொலைபேசி வந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் பட்டனின் உதடு தடித்தது, கண்கள் வீக்கத்துக்குள் புதைந்தன, வாந்தி எடுத்துக் கால்கள் மடங்கிச் சரிந்தது. மருத்துவர் ஓடி வந்து மாற்று மருந்து செலுத்திக் காப்பாற்றினார். அதை மறுக்க அவள் நன்றிகெட்டவள் அல்லள். ஆனால் இரண்டாவது ஊசி தட்டிலேயே கிடந்தது. அதையும் அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

தைத்த சீருடைகளை வேனில் ஏற்ற வந்த கொழுந்தன், அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"நல்லதாப் போச்சு அண்ணி. கார்டுலயும் இருக்கு, லைசென்ஸும் வந்தாச்சு. நீங்களே போய் எதுக்குக் கிளறணும்?"

"போடலன்னு எனக்குத் தெரியுமே."

"உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். பட்டன் வெளிய சொல்ல மாட்டான். ஊசியே விஷம்னு போன்ல அத்தனை பேர் அனுப்புறாங்க."

"அனுப்புனவங்க யாராவது நாய் வளர்க்குறாங்களா?"

"வளர்க்குறாங்களோ இல்லையோ, அவன் மூஞ்சி பானை மாதிரி வீங்கினதை நான் பார்த்தேன். அந்த டாக்டர் என்ன சொன்னாரு? பயத்துல வர்றதுன்னாரு. பயத்துல மூஞ்சி வீங்கும்னா, உங்ககிட்ட பேசுற எனக்குத் தினமும் வீங்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அளவு கொடுக்க வர்ற பிள்ளைங்க கையை எல்லாம் இவன் நக்குறான். நாளைக்குத் தெருவுல எதுவாவது இவனைக் கடிச்சு வெச்சா, அந்தப் பிள்ளைங்களோட அம்மாகிட்ட நான் இந்த ஸ்டிக்கரையா காட்டுவேன்?"

"சரி, ஊசி போட்டு இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

இரண்டு மாதங்களாகக் காலையில் பட்டனின் முகத்தைத் தடவிப் பார்க்காமல் அவள் கடைக்கதவைத் திறந்ததில்லை. இனி இவன் உடம்பில் ஊசியே படக்கூடாது என்று சபதம் செய்தவளும் அவள்தான். அந்தச் சபதத்தைக் காப்பாற்றிக்கொள்ள இப்போது ஓர் எளிய வழி அவள் கையிலேயே இருந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. பேசாமல் இருந்தால் போதும்.

"வண்டியை எடுங்க. அந்த டாக்டர்கிட்டயே போவோம்" என்றாள்.

மருத்துவமனையின் முன்னறையில் ஒரே ஒரு நீளமான பெஞ்சு. அதன் ஒரு முனையில், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் மூடிபோட்ட கூடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கூடைக்குள்ளிருந்து பூனையொன்று உலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தது. தையற்காரி மறுமுனையில் அமர்ந்து, பட்டனைக் கால்களுக்கிடையில் இருத்தினாள். கொழுந்தன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

அதே அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மருத்துவர் அட்டையைப் பார்த்தார். "போட்டாச்சே அம்மா. அடுத்த வருஷம் வாங்க."

"போடல சார். ஒண்ணுதான் போட்டீங்க. அதுக்குள்ள இவன் விழுந்துட்டான்."

மருத்துவர் தம் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். மருந்துப் பெட்டியருகே நின்ற அந்த நடுவயதுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இருபது வருஷமா ஸ்டிக்கர் ஒட்டுறேன். போடாத ஊசிக்கு நான் எதுக்கும்மா ஒட்டப்போறேன்?"

"ஒட்டுனது நீங்க அண்ணே. குத்து வாங்க வேண்டியது இவன். நீங்க ஊசி போட்டது இந்தக் கார்டுக்கு."

பெஞ்சின் மறுமுனையில் நடத்துநர் இருமுவதுபோலச் சிரித்தார். உதவியாளர் இன்னும் சிவந்தார். "வாய்க்கு வந்தபடி பேசாதீங்க. அடுத்தவங்க காத்திருக்காங்க, எந்திரிங்க."

அவள் எழவில்லை. மேசையின்மீது அன்றைக்கு முன்பதிவு செய்தவர்களின் அட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. மேலே இருந்ததை அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பூனைப் படம் போட்ட அட்டை. அதில் இன்றைய தேதி. தேதிக்கு மேலே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர்.

"ஐயா, உங்க பூனைக்கு இன்னைக்கு ஊசி போட்டாச்சா?" என்று நடத்துநரைக் கேட்டாள்.

"எங்க? வந்ததுல இருந்து கூடையை விட்டே இறங்கல."

"கார்டுல போட்டாச்சே!"

நடத்துநர் எழுந்து வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு உதவியாளரின் பக்கம் மெல்லத் திரும்பினார். "ஏம்ப்பா, நான் முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தவன். டிக்கெட்டைக் கிழிச்சிட்டு ஆளை ஏத்தாம வண்டியை எடுத்தா, எங்களை வேலையை விட்டே தூக்கிருவாங்க."

காலையில் குப்பிகளை எடுத்து வைக்கும்போதே, வேலை விரைந்து முடியட்டும் என்று ஸ்டிக்கர்களை உரித்து அட்டைகளில் ஒட்டிவிடுவது உதவியாளரின் வழக்கம். அத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அது பிசகியதில்லை என்றே அவர் நம்பியிருந்தார். பட்டனுக்கு முன்னால், ஊசிக்கு நடுவே எந்த நாயும் மயங்கி விழுந்ததில்லை என்பதுதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். அவர் பட்டனைப் பார்த்தார். பட்டன் வாலை ஆட்டியது.

"அன்னைக்குத் தட்டுல ஒண்ணு மிச்சம் கிடந்துச்சு சார்," என்றார் தாழ்ந்த குரலில். "பதட்டத்துல நான்தான் எடுத்துக் குப்பையில போட்டேன். கார்டை மறந்துட்டேன்."

மருத்துவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரிம்மா, தப்புதான். ரேபிஸ் ஊசியை இப்பப் போட்டுடறேன்."

"போடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி, அன்னைக்கு நடந்ததைக் கார்டுல எழுதுங்க. எந்த ஊசி, எத்தனை நிமிஷத்துல வீங்குச்சு, என்ன மருந்து கொடுத்தீங்க, எல்லாம். நாளைக்கு நீங்க இல்லாத நேரத்துல வேற டாக்டர்கிட்ட இவனைத் தூக்கிட்டு ஓடினா, இவனா சொல்லுவான்?"

மருத்துவர் குரலைத் தணித்தார். "நான் சொல்றதைக் கேளுங்க. இந்த மாதிரி வர்றது ரொம்ப அபூர்வம். இதை எழுதி வெச்சா, பார்க்குறவங்க எல்லாம் ஊசியே வேணாம்னு ஓடிருவாங்க. அப்புறம் நோயில சாகுற நாய்ங்கதான் அதிகமாகும். அதனாலதான் அன்னைக்குப் பயம்னு சொன்னேன்."

"அபூர்வம்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்போம் சார். பயம்னு சொன்னீங்க. அதோ வாசல்ல நிக்குறாரு பாருங்க என் கொழுந்தன். வீங்கினதைக் கண்ணால பார்த்தவர். அவர்கிட்ட போய் ஒண்ணுமே ஆகலன்னா, இனிமே நீங்க சொல்ற எதை அவர் நம்புவாரு? எழுதினதால யாரும் ஓடல. நீங்க மறைச்சதாலதான் அவர் ஓடுறாரு."

கொழுந்தன் வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"எழுதுற வரைக்கும் இந்த பெஞ்சை விட்டு எந்திரிக்க மாட்டேன். கடையைக்கூட இங்கேயே போட்டுக்குவேன். தையல் மெஷினைத் தூக்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"கொண்டு வாம்மா, என் சட்டைக்கும் ஒரு பட்டன் வைக்கணும்" என்றார் நடத்துநர். தன் பெயரைக் கேட்ட நாய் காதை நிமிர்த்தியது.

மருத்துவர் பேனாவைத் திறந்தார். வெறிநோய் ஸ்டிக்கரின் குறுக்கே கோடு கிழித்து, "செலுத்தப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். கூட்டு ஊசியின் பக்கத்தில், நடந்ததை நிமிடக் கணக்கோடு எழுதி, இனி அதைப் போடுவதற்கு முன் யோசித்து முடிவுசெய்ய வேண்டும் என்றும் சேர்த்தார். எழுத எழுத அவர் முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்ததை அவள் கவனித்தாள். பின்னர் மாற்று மருந்தை ஊசியில் ஏற்றி எட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு, வெறிநோய் ஊசியை மட்டும் பட்டனின் தோளில் போட்டார்.

"ஒரு மணி நேரம் இங்கேயே இருங்க."

"நீங்க சொல்லாட்டியும் இருப்பேன்."

அவள் சுவரிலிருந்த கடிகாரத்தையும் பட்டனின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராவது நிமிடம் பட்டன் முன்னங்காலால் முகத்தைத் தேய்த்தது. அவள் பாதி எழுந்துவிட்டாள். அழைக்கும் முன்பே மருத்துவர் வந்து மண்டியிட்டு, உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். கண்ணோரத்தை அழுத்திப் பார்த்தார். வீக்கம் ஏதும் இல்லை. கூடையிலிருந்து பறந்த பூனைமயிர் ஒன்று மூக்கில் ஒட்டியிருந்தது. கொழுந்தன் எப்போதோ உள்ளே வந்து பட்டனின் அருகே தரையில் உட்கார்ந்திருந்தான். அதை இப்போதுதான் அவள் கண்டாள்.

ஒரு மணி நேரம் முழுதாக ஓடியது. பட்டன் கொட்டாவி விட்டது.

"ஒண்ணும் ஆகலம்மா. கூட்டிட்டுப் போங்க" என்றார் மருத்துவர்.

அவள் எழுந்து, அட்டையை மறுபடியும் அவர்முன் நீட்டினாள்.

"ஒண்ணும் ஆகலன்னும் எழுதுங்க சார். வீங்கினது மட்டும் இருந்தா, படிக்கிறவங்க பயந்து ஓடிருவாங்க."

மருத்துவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்து, மணியைக் குறித்து, அதையும் எழுதினார்.