எல்லோருக்கும் இருபத்தைந்து

"திங்கட்கிழமையிலேர்ந்து பவுடர் ஷெட்டுல ஒருத்தன் மூஞ்சியிலயும் துணி இருக்கக் கூடாது. அந்த வேலைக்கு நர்சும் தேவையில்ல. சனிக்கிழமையோட கணக்கு முடிச்சுக்குங்க சிஸ்டர்."

சின்ன முதலாளி பரசுராமன் இதைச் சொல்லிவிட்டு நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதத்தைக் குத்தினான். கும்மிடிப்பூண்டியில் வெல்டிங் ராடு செய்யும் அந்தத் தொழிற்சாலையை, அப்பா மெட்ராஸில் இருக்கும் நாட்களில் அவன்தான் பார்த்துக்கொண்டான். மெல்லிய மீசை, உரத்த குரல்.

சம்பூர்ணம்தான் அந்தத் தொழிற்சாலையின் நர்ஸ். மணவாள நகரிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாக இரண்டு பஸ் மாறி வந்து பார்க்கிற வேலை. தங்கை குணசுந்தரியின் டீச்சர் டிரெயினிங் இந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"சார், அந்தத் துணியைக் கட்டினதே ராடு மேல பூசுற பவுடர் நெஞ்சுக்குள்ள போகாம இருக்கத்தான்..."

"நெஞ்சு இருக்கட்டும். ஜுரத்தைப் பாருங்க. பவுடர் ஷெட்டுல இருபத்திரண்டு பேரு, எல்லாருக்கும் முகமூடி. பதினேழு பேரு படுத்துட்டான். பேக்கிங் ஷெட்டுல இருபத்துநாலு பொம்பளைங்க, முகமூடியே கிடையாது. ரெண்டே பேருக்குத்தான் ஜுரம். இன்னா அர்த்தம்? உட்ட மூச்சையே திரும்ப இழுத்தா உடம்புல எதிர்ப்பு சக்தி போயிடும். ஒரு பத்திரிகையில படிச்சேன்."

எழுபத்தெட்டாம் வருஷம் அது. எங்கோ வெளிநாட்டில் கிளம்பிய ஃப்ளூ, ஊர் ஊராகத் தாவி இங்கேயும் வந்துவிட்டது. மூன்று நாள் கொதிக்கும், ஒரு வாரம் ஆளை அடித்துப் போடும்.

சம்பூர்ணம் தன் காய்ச்சல் பட்டியலைப் புரட்டிப் பார்த்தாள். அவன் சொன்ன எண்ணிக்கை சரி. அதுதான் அவளைக் குடைந்தது. மூக்கையும் வாயையும் மூடினவனுக்குக் காய்ச்சல். திறந்து போட்டவளுக்கு ஒன்றுமில்லை. எப்படி?

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது.

முதலில் பவுடர் ஷெட்டுக்குப் போனாள். முனுசாமி அங்கே மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முகமூடி கழுத்தில் மாலை மாதிரி தொங்கியது.

"இன்னாய்யா, மூக்கு மேல இருக்கணும்னு எத்தினி தபா சொன்னேன்?"

"பீடி குடிக்கணுமே நர்சம்மா."

"அப்புறம் ஏன் உனக்கு ஜுரம் வரல?"

முனுசாமி சிரித்தான். "கெட்ட ரத்தம். ஜுரம் கிட்ட வந்து மோந்து பார்த்துட்டு ஓடிப்பூடுது."

டீ வேளையில் இன்னொன்றைப் பார்த்தாள். மிச்சமிருந்த ஐந்து பேரும் முகமூடியை ஒழுங்காகக் கழற்றி, ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி டீ குடித்தார்கள். சரி, துணி காய்ச்சலைத் தடுக்காததற்குக் காரணம் கிடைத்தது. ஆனால் துணி இல்லாத பெண்கள் தப்பித்ததற்கு?

பேக்கிங் ஷெட்டில் துலுக்காணம் அட்டைப்பெட்டிக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் குடும்பம். சுற்றிலும் நரைக்கத் தொடங்கிய தலைகள். காய்ச்சலில் கிடக்கும் இரண்டு பேரில் ஒருத்தி துலுக்காணத்தின் மகள் கங்கம்மா.

"ஒரே ஊட்ல, ஒரே பாயில படுக்கிறோம் நர்சம்மா. அவளுக்கு அனலா கொதிக்குது. எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல."

சம்பூர்ணம் நின்றாள். ஒரே வீடு. இரண்டு பேருக்கும் முகமூடி இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்தான்.

ஓட்டமாக ஆபீசுக்குப் போய் ஆள் பதிவேட்டைப் புரட்டினாள். முனுசாமி, வயது 25. துலுக்காணம், 25. கங்கம்மா, 25. அத்தனை பேருக்கும் 25!

"இது இன்னா சார், தாயும் மகளும் ஒரே வயசு?"

கிளார்க் லோகநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "எவனுக்கும்மா பொறந்த தேதி தெரியுது? பதினெட்டுக்குக் கீழ போட்டா இன்ஸ்பெக்டர் கேப்பான். நாப்பது போட்டா முதலாளி வேலைக்கு எடுக்க மாட்டாரு. இருபத்தஞ்சு போட்டா யாருக்கும் பேஜாரு இல்ல."

தேதி தெரியாதவர்களிடம் தேதி கேட்டுப் பயனில்லை. ஆனால் நினைவு இல்லாதவர்கள் யார்? சம்பூர்ணம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஷெட்டில் இருந்தவர்களிடமும், காய்ச்சலில் படுத்திருந்தவர்களின் வீட்டுக்குப் போயும், எல்லோரிடமும் ஒரே கேள்வி, பதினாறு வருஷத்துக்கு முந்தின சண்டையைப் பற்றி.

"சீனாக்காரன் சண்டை வந்தப்போ நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"மூணாவது புள்ள வயித்துல," என்றாள் துலுக்காணம். "ஏம்மா, சண்டைய நானா இழுத்துட்டு வந்தேன்?"

"மாடு மேய்ச்சேன்," என்றான் முனுசாமி.

"எந்தச் சண்டை?" என்றாள் போர்வைக்குள்ளிருந்து கங்கம்மா.

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்த நோட்டு பரசுராமன் மேஜையில் இருந்தது.

"சார், ஷெட்டை மறந்துடுங்க. சீனா சண்டையப்போ அஞ்சு வயசுக்கு மேல இருந்தவங்க ஒரு பக்கம். அதுக்குக் கீழ இருந்தவங்க, பொறக்காதவங்க ஒரு பக்கம். பெரியவங்க ரெண்டு ஷெட்டுலயும் சேர்த்து இருபத்தஞ்சு பேரு. ஒருத்தருக்குத்தான் ஜுரம். சின்னவங்க இருபத்தோரு பேரு. பதினெட்டு பேரு படுத்துட்டாங்க. மூட்டை தூக்க வலு வேணும்னு பவுடர் ஷெட்டுக்குச் சின்னப் பசங்களா எடுத்தோம். அதனாலதான் அங்க அதிகம். முகமூடியால இல்ல."

பரசுராமன் இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். கணக்கு உதைக்கவில்லை.

"வயசானவங்களுக்குத்தானே ஜுரம் சுலபமா வரணும்? இது தலைகீழா இருக்கே!"

"அதான் எனக்கும் புரியல. இதே மாதிரி ஜுரம் ஒண்ணு அந்தச் சண்டைக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கணும். அதைப் பார்த்த உடம்பு இன்னும் மறக்கலபோல. என் யூகம்தான் சார். மெட்ராஸ்ல பெரிய டாக்டர் யாருக்காச்சும் எழுதிக் கேக்கணும்."

"அப்ப முகமூடி போட்டா ஜுரம் வராதுன்னு சொல்றீங்களா?"

"அதையும் சொல்ல மாட்டேன். சின்னவங்கள்ல முகமூடி கட்டின பதினெட்டு பேர்ல பதினாறு பேருக்கு ஜுரம். கட்டாத மூணு பேர்ல ரெண்டு. மூணு பேரை வெச்சு இன்னா முடிவு எடுக்குறது? அதுவும் ஒரே டம்ளர்ல டீ குடிச்சுக்கினு, துணியைக் கழுத்துல தொங்க விட்டுக்கினு இருந்தா? முகமூடி ஜுரத்தைக் கொண்டாரல, அது நிச்சயம். தடுக்குமான்னு ஒழுங்கா கட்டிப் பார்த்தாத்தான் தெரியும். பவுடரைத் தடுக்கும், அதுல சந்தேகமே இல்ல."

பரசுராமன் நோட்டை மூடப் போனான். மூடவில்லை. சின்னவர்கள் பக்கத்தில் விரல் நின்றது.

"ஆக, சின்னவங்கள்ல இன்னும் ஜுரம் வராதவங்க மூணு பேருதான்."

"நாலு பேரு சார்."

"நாலா? யாரு?"

"சீனா சண்டையப்போ நீங்க இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். யோசித்தான். மீசையைத் தடவினான்.

"நாலு வயசு," என்றான் மெதுவாக. குரலில் இருந்த முதலாளி எங்கோ போயிருந்தார்.

அவன் எழுந்து வெளியே போனான். நோட்டீஸ் போர்டில் குண்டூசி கழலும் சத்தம் கேட்டது. பிறகு கதவிடுக்கில் தலை மட்டும் தெரிந்தது.

"சிஸ்டர், அந்த டாக்டருக்கு இன்னிக்கே எழுதிடுங்க. திங்கட்கிழமை வந்து ஆளுக்கொரு டம்ளர் வாங்குங்க." தயங்கினான். "அந்தத் துணி... மூக்குக்கு மேல எவ்ளோ உயரத்துல கட்டணும்?"