கேட்ட நாளிலிருந்து துடக்கு

டிலக்ஷன் இறந்துபோன செய்தி திங்கட்கிழமை மாலை நீர்வேலிக்கு வந்து சேர்ந்தது. அதைக் கேட்டவர் அவனுடைய தாய் மீனாம்பிகை ஒருவரே. ஊரில் ஏனையோர் அதை அறிந்துகொண்டனர், கேட்கவில்லை. அறிதல் வேறு, கேட்டல் வேறு என்பது விளங்காத எவரும் அவ்வூரில் ஒரு கோயில் திருவிழாவை நடத்திவிட முடியாது.

விதி மிகத் தெளிவானது. ஒருவர் இறந்தால் அவருடைய தந்தைவழிப் பங்காளிகளுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அந்நாள்களில் அவர்கள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. தூரப் பயணம் புறப்படுவதில்லை. இறப்பு அந்நிய தேசத்தில் நிகழ்ந்திருப்பின், செய்தியைக் கேட்ட நாளிலிருந்தே துடக்குத் தொடங்கும் என்பது அவ்வூர் வழக்கு. இதற்கு ஒரு விலக்கும் உண்டு. கொடியேற்றத்தன்று கையில் காப்புக் கட்டிக்கொண்டவரைத் திருவிழா முடியும்வரை எந்தத் துடக்கும் தீண்டாது. வாழையடிப் பிள்ளையாருக்கு வியாழக்கிழமை காலை கொடியேற்றம். அவ்வாண்டு காப்புக் கட்டிக்கொள்ள இருந்தவர், இறந்தவனுடைய சித்தப்பா இராசநாயகம். ஆகவே வியாழன் காலைவரை எதையும் கேளாதிருப்பது அவருக்குக் கடமையாயிற்று. அக்கடமையில் அவர் தவறவில்லை.

டிலக்ஷனைப் போர்வீரன் என்று சொன்னால் அவனே சிரித்திருப்பான். பாடசாலை அணிவகுப்பில் எப்பொழுதும் தவறான காலை முன்வைத்து வரிசையைக் குழப்பியவன் அவன். தகப்பன் ஏரம்பு காலமான பின் வாழைத்தோட்டத்தைத் தாயோடு சேர்ந்து பார்த்துவந்தான். காற்று எழும்பினால், உண்டுகொண்டிருந்த சோற்றை விட்டெழுந்து ஓடிச் சாய்ந்த வாழைகளுக்கு முட்டுக் கொடுப்பான். இந்த நாட்டுப் போருக்கு அகப்படாத வயதில் பிறந்தானே என்று மீனாம்பிகை பிள்ளையாருக்கு நன்றி சொல்லியிருந்தார். பிள்ளையார்மீது குறை சொல்வதற்கில்லை. இந்த நாட்டுப் போர் அவனைத் தீண்டவேயில்லை.

அவனைப் பிரான்சுக்கு அனுப்ப ஒழுங்கு செய்தவர் இராசநாயகம். கொழும்பிலிருந்த முகவர் ஒருவருக்கு ஊரில் ஆள்சேர்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். அதை அவர் உதவி என்றே குறிப்பிடுவார். ரஷ்யா வழியாகப் பயணம் என்றார். வழி அங்கேயே முடிந்துவிட்டது. வாசிக்கத் தெரியாத மொழியிலிருந்த தாளில் ஒப்பமிட்டவனுக்கு, பாரிஸ் உணவகத்தின் வெள்ளை மேலங்கிக்குப் பதிலாக ஒரு சீருடை கிடைத்தது. சில நாள் பயிற்சிக்குப் பிறகு, தனக்கு எவ்வழியிலும் உரித்தில்லாத ஓர் எல்லையைக் காக்கும்படி உக்ரேன் பக்கம் அனுப்பப்பட்டான். "சித்தப்பா சொன்னது கொஞ்சம் மாறிப்போச்சு அம்மா. நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று ஒரேயொரு முறை தொலைபேசியில் சொன்னான். தாய் அதன்பின் யோசிப்பதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

திங்கள் மாலை பேசியவன் ஜெரோசன். கரவெட்டிப் பையன், அதே வழியால் போய் அதே பதுங்குகுழியில் இருந்தவன். யாரிடமோ இரவல் வாங்கிய தொலைபேசியில், தன் வீட்டாருக்குச் சொன்ன கையோடு அவசரமாகப் பேசினான்.

"அம்மா, டிலக்ஷன் இல்லை அம்மா. முந்தநாள்."

"நீ கண்டனியோ மோனை?"

"கண்டனான். நேபாளப் பெடியன் ஒருத்தன் காயப்பட்டு வெளியிலை கிடந்து கத்திக்கொண்டிருந்தவன். போகவேண்டாமெண்டு எல்லாரும் சொன்னது. 'உதைக் கேட்டுக்கொண்டு எப்பிடியடா இருக்கிறது' எண்டு சொல்லிப்போட்டு இவன் போனவன். இழுத்துக்கொண்டு வந்து அவனை உள்ளை தள்ளினவன். தான் இறங்க முதல் ட்ரோன் வந்திட்டுது."

"மற்றப் பிள்ளை?"

"தப்பிட்டான் அம்மா."

"என்ரை பிள்ளையின்ரை உடம்பு?"

இணைப்பு அறுந்தது. பின்னர் அந்த எண் இயங்கவேயில்லை.

மீனாம்பிகை உடனே மைத்துனர் வீட்டுக்குப் போனார். இராசநாயகத்தின் மனைவி சிவகௌரி படலையிலேயே மறித்துக்கொண்டார்.

"அக்கா, இவர் மௌனவிரதம். கொடியேறுமட்டும் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டார்."

"அவர் கதைக்கவேண்டாம். கேட்டாக் காணும்."

"கேக்கிறதும் விரதத்துக்கை தான் அக்கா."

"உது எந்தச் சாத்திரத்திலை கிடக்கு?"

சிவகௌரி குரலைத் தாழ்த்தினார். "உங்கடை வயிறு எரியிறது எனக்கு விளங்குது அக்கா. திருவிழா முடியுமட்டும் பொறுங்கோ. தீர்த்தத் திருவிழா முடிய எல்லாரும் வந்து குழறி அழுவம். பிள்ளைக்கு ஒரு குறையும் விடமாட்டம்."

"என்ன விளங்குது உமக்கு? நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."

சிவகௌரி வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்குள்ளே வானொலித் தேவாரத்தின் சத்தம் திடீரெனக் கூடியது.

மறுநாள் அயல்வீட்டுக் கஜானி சோறும் மரக்கறியும் கொண்டு வந்தாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார் உணவு கொடுப்பதே முறை. முறையை மீற அவளுக்கு மனமில்லை. காரணத்தைச் சொல்லவும் மனமில்லை.

"இண்டைக்குக் கூடச் சமைச்சுப்போட்டன் மாமி. அதுதான்."

"உப்பில்லாமல் சமைச்சனியோ?"

"ஏன் மாமி?"

"அழுதுகொண்டே சமைச்சிருக்கிறாய். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. அதிலையே உப்பு விழுந்திருக்கும்."

கஜானி சோற்றை வைத்துவிட்டு ஓடிப்போனாள். அவளுடைய மாமனார் கோயில் பரிபாலன சபையில் செயலாளர்.

அழுகையை ஒத்திவைப்பது மீனாம்பிகைக்கு இயலாத காரியமன்று. ஒத்திவைக்க முடியாதது வேறொன்று. ஏரம்புவின் மற்றொரு தம்பியின் மகன் கோபிசங்கர், தகப்பனை இழந்தவன், லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டிப் பிழைப்பவன், தேர்த்திருவிழாவுக்கு மறுநாள் விமானம் ஏற இருந்தான். அதே முகவர்; அதே வழி. பயண அலுவலாகக் கொழும்பில் நின்ற அவனை மீனாம்பிகை தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நானும் கேள்விப்பட்டு சித்தப்பா வீட்டுக்கு எடுத்தனான் பெரியம்மா. சித்தி தான் கதைச்சவ. ஆரோ பகிடிக்குக் கதை விட்டிருக்கிறாங்களாம். அங்கை எல்லாரின்ரை போனையும் பறிச்சு வைச்சிருக்கினமாம். வேறை ஒண்டுமில்லையாம்."

"அந்தப் பெடியன் கண்ணாலை கண்டவன் அப்பு."

"நான் ஒண்டு கேக்கிறன் பெரியம்மா. உண்மையெண்டால் சித்தப்பா காப்புக் கட்டுவாரோ? பிள்ளைப்பெறு துடக்குக்கே கோயில் வீதியாலை போகாத மனிசன். அவர் செத்த துடக்கோடை கொடித்தம்பத்துக்குக் கிட்டப் போவாரெண்டு நீங்கள் நம்பிறியளோ?"

இராசநாயகத்தின் ஆசாரம் ஊரறிந்தது. டிலக்ஷன் உயிரோடிருக்கிறான் என்பதற்கு அந்த ஆசாரமே சான்றாகிவிட்டது. காப்பு அவருடைய கையில் ஏறினால் கோபிசங்கர் விமானத்தில் ஏறுவான்.

புதன்கிழமை காலை, ஊரில் கூலிவேலை செய்யும் றெஜி இருவரைக் கூட்டிக்கொண்டு கத்தியோடு தோட்டத்துக்கு வந்தான். கோயில் வாசலில் கட்டும் குலைவாழைகள் ஏரம்புவின் தோட்டத்திலிருந்து போவதே வழமை. வழமை என்பது ஒருமுறை ஏவிவிட்டால் பின்னர் எவரையும் கேளாமல் தானே நடக்கும். தம் காதைக் காத்துக்கொண்ட கவனத்தில் இராசநாயகம் வாழையை மறந்துபோனார்.

"வழமைபோலை ரெண்டு மரம் அம்மா. ஐயா போன கிழமையே சொன்னவர்." றெஜி தயங்கினான். அவன் கிறிஸ்தவ வேதக்காரன், துடக்கு விதி அவனைக் கட்டாது. ஆயினும் ஊர் அறிந்ததை அவனும் அறிந்திருந்தான். "வெட்டட்டோ? வேண்டாமெண்டால் போறம்."

மீனாம்பிகை குலைகளை அண்ணாந்து பார்த்தார். துடக்கு வீட்டுப் பொருள் எதுவும், ஒரு பூவாயினும், கோயிலுக்குப் போகலாகாது. இதனை ஊருக்கு ஓயாமல் போதித்தவர் இராசநாயகமே.

"வெட்டு" என்றார். "உதுகள் சின்னன். அங்காலை வாய்க்கால் கரையிலை நிக்கிறதை வெட்டு. குலை பெரிசு."

வியாழக்கிழமை காலை அவர் கோயில் மதிலுக்கு வெளியே, வீதியின் மறுகரையில் வந்து நின்றார். துடக்கு விதியை அன்று அக்குடும்பத்தில் பிழையின்றிக் கடைப்பிடித்தவர் அவர் ஒருவரே. திறந்த வாசலூடாக எல்லாம் தெரிந்தது. வாசலின் இருபுறமும் அவருடைய வாழைகள். உள்ளே கொடித்தம்பத்தடியில் பட்டு வேட்டியோடு இராசநாயகம். அவருக்குப் பக்கத்தில், அன்று அதிகாலைதான் கொழும்புப் பேருந்தால் இறங்கிய கோபிசங்கர், காப்புத் தட்டை ஏந்தியபடி நின்றான்.

இராசநாயகம் வீதியில் நின்றவரைக் கண்டார். உடனே மேளக்காரரை நோக்கி விரலை அசைத்தார். கெட்டிமேளம் முழங்கியது. அமங்கலச் சொல் காதில் விழாதிருக்க முன்னோர் கண்ட ஏற்பாடு அது. கேட்கவேண்டியதைக் கேளாதிருக்கும் தேவை முன்னோருக்கும் இருந்தது போலும்.

மீனாம்பிகை காத்து நின்றார். சங்கற்பம் சொல்லும்போது மேளம் நின்றே ஆகவேண்டும். குருக்கள் கையை உயர்த்தினார், நின்றது.

"குருக்களையா! வாசல் வாழை ரெண்டும் நேற்று என்ரை தோட்டத்திலை வெட்டினது. அதைமட்டும் சொல்லிப்போட்டுப் போக வந்தனான்."

மகன் என்ற சொல்லையோ சாவு என்ற சொல்லையோ அவர் உச்சரிக்கவில்லை. உச்சரித்திருந்தால் ஊர் கேளாதிருந்திருக்கும். வாழையைப் பற்றிய சொல்லைக் கேளாதிருக்க எவரும் ஆயத்தமாக வந்திருக்கவில்லை.

குருக்கள் வாழைகளைப் பார்த்தார். பிறகு இராசநாயகத்தைப் பார்த்தார். அவரும் திங்கள் முதலே அறிந்திருந்தவர்தான். "உந்த வாழை நிக்கலாமோ இராசநாயகம்? நீர் சொல்லும். நிக்கலாமெண்டால் நான் கொடியை ஏத்திறன்."

மனிதர் முன்னிலையில் ஒரு பொய்யைத் திருவிழா முடியும்வரை காத்துவைக்க இராசநாயகத்தால் முடியும். பிள்ளையாரின் வாசலில் துடக்கு மரம் நிற்க, அதன் நடுவே நின்று கொடியேற்ற அவரால் முடியாது. அவர் உண்மையிலேயே பக்திமான். அது மட்டும் பொய்யன்று.

"பெடியள்!" மௌனவிரதம் கலைந்தது. "உந்த ரெண்டையும் அவிட்டு வெளியிலை எறியுங்கோ. சந்தியிலை வேறை வாழை பாருங்கோ. கெதியா!"

"ஏன் சித்தப்பா?" என்றான் கோபிசங்கர்.

"பிறகு சொல்லுறன். நேரம் போகுது, தட்டைப் பிடி."

"பெரியம்மா வீட்டு வாழை ஒவ்வொரு வரியமும் வாறது தானே. இந்த வரியம் அதுக்கு என்ன?"

"நல்ல நேரத்திலை எதிர்க்கதை கதையாதை."

"துடக்கோ சித்தப்பா?"

இராசநாயகத்துக்கு அக்கணத்தில் தம் மௌனவிரதம் மீண்டும் நினைவுக்கு வந்தது.

கோபிசங்கர் தட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தான். அரையிற் கட்டியிருந்த சால்வையை அவிழ்த்துத் தோளிற் போட்டுக்கொண்டு, வாழைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி வெளியே வந்தான். அவன் வெளியேறிய பின் வாசலுக்குப் புதிய வாழைகள் வந்தன; சிறியவை, ஆயினும் சுத்தமானவை. வாசலில் தீர்த்தம் தெளிக்கப்பட்டது. டிலக்ஷன் முட்டுக் கொடுத்து வளர்த்த மரங்கள் தீட்டென்று தள்ளப்பட்ட அதே கோயிலில், டிலக்ஷனுடைய சித்தப்பா காப்புக் கட்டிக்கொண்டார். அதில் ஒருவரும் முரண் காணவில்லை. ஒலிபெருக்கி அவரைச் சிவநெறிச் செம்மல் என்று அறிவித்தது.

வீதியின் மறுகரையில் கோபிசங்கர் பெரியம்மாவின் முன்னால் வந்து நின்றான்.

"எப்பிடிப் பெரியம்மா?"

"காயப்பட்ட பெடியன் ஒருத்தனைத் தூக்கப் போனவனாம்."

"எங்கடை பெடியனோ?"

"இல்லை. நேபாளமாம்."

"தெரிஞ்சவனோ?"

"அதை ஆர் கண்டது? அவன் கத்தினவனாம். இவனுக்குக் கேட்டிருக்கு."

கோபிசங்கர் சால்வையால் முகத்தைத் துடைத்தான். "திருவிழா முடியச் சித்தப்பா வருவார் பெரியம்மா. பெரிசாக் குழறுவார்."

"வரட்டும். சந்தியிலை பதாகையும் கட்டுவார், எல்லையிலை வீரமரணம் எண்டு. அதிலை தன்ரை படத்தையும் போடுவார். நீ வா, கிணத்தடியிலை தலை முழுகு. இனி உனக்குத் துடக்கு. முப்பத்தொரு நாளைக்கு ஒரு பயணமும் போகேலாது."

"அதுக்குப் பிறகும் போகேல்லைப் பெரியம்மா."

கொடி ஏறியது. மேளம் மீண்டும் முழங்கியது. மீனாம்பிகை அந்த வீதியில் நின்றபடியே, திங்கட்கிழமை முதல் அடக்கிவைத்திருந்த அழுகையை வாய்விட்டு அழுதார். கோபிசங்கர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.