மூன்றாவது பஸ்

மூன்றாவது பஸ்ஸையும் ஜெபசெல்வி கைகாட்டி நிறுத்தவில்லை. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற முத்தையாபுரம் நிறுத்தத்தில் குடையை விரித்தபடி நின்று, அது உப்பளத்தைத் தாண்டி டவுன் பக்கம் மறையும்வரை பார்த்தாள். புதுத் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிப்போன லாரிகள் அவள்மேல் புழுதி அடித்துக்கொண்டிருந்தன. "ஓடிப்போயி ஐயரக் கூட்டிட்டு வாளா, அப்பாவுக்கு மூச்சு இழுக்கு" என்று அம்மா சபைக் குருவானவரை அழைத்துவர அனுப்பி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

அப்பா தேவதாசன் பதினாறு வருஷத்துக்கு முன் கொழும்புக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர். போனது பெரியதாழைக்கு, இன்னொருத்தி வீட்டுக்கு. சபை அவர் பெயரை நற்கருணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அப்படிப்பட்டவர் குருவானவரிடம் அறிக்கையிட்டு மறுபடி நற்கருணை வாங்காமல் செத்தால் கோயில் மணி கிடையாது, ஜெபம் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில், தள்ளிவைத்தவர்களைப் புதைக்கும் உடைமர மூலைதான்.

அவர் போனபோது ஜெபசெல்விக்குப் பதினாறு வயது. பெண் பார்க்க வந்தவர்கள் அப்பா எங்கே என்று விசாரித்தார்கள், காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவள் டீச்சராகி வீட்டைத் தாங்கினாள். போன மாசியில் இருமிக்கொண்டு வாசலில் வந்து நின்றவரை அம்மா அற்புதமணி ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே விட்டாள். ஆண்டவர் தகுதி பார்க்காமல் மன்னிக்கிறவர் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் ஜெபசெல்வி. அந்த இருமல் வீட்டுக்குள் கேட்கும்வரை அதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

நான்காவது பஸ்ஸில் ஏறினாள்.

குருவானவர் ஞானதீபத்தை அழைத்துக்கொண்டு அவள் திரும்பியபோது வாசலில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். குருவானவர் உள்ளே போய் அப்பாவின் நெற்றியில் கைவைத்து ஜெபித்தார். பிறகு வெளியே வந்து, "மணியடிக்க ஆள் அனுப்புங்க" என்றார்.

"அவருக்கு மணி கெடையாதே, ஐயா" என்றாள் ஜெபசெல்வி.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன வியாழக்கிழமையே வந்து நற்கருணை குடுத்துட்டேம்மா. எல்லாத்தையும் சொல்லி அழுதாரு. நீ பள்ளிக்கூடத்துல இருந்த. உங்கிட்ட சொல்ல வேண்டாம்னு அம்மாதான் கேட்டுக்கிட்டாங்க."

அப்பாவுக்கு உடுத்த வேட்டி எடுக்க ஜெபசெல்விதான் பெட்டியைத் திறந்தாள். மேலாக, தன் கல்யாணத்துக்கென்று அவள் ஓரத்துக்கு நூல் ரேந்தை பின்னி வைத்திருந்த வெள்ளை விரிப்பு, மடிப்பு மாறிக் கிடந்தது. பிரித்தாள். நடுவில் நற்கருணைத் திராட்சரசக் கறை, துவைத்தும் போகாமல்.

"என் துணியவாம்மா விரிச்ச?"

"வேற நல்ல துணி ஏதுளா நம்ம வீட்டுல?"

அப்பாவிடம் ஏமாந்ததைக்கூட இத்தனை வருஷத்தில் பழகிக்கொண்டிருந்தாள். இப்போது அம்மா, குருவானவர், அவர்களுக்கும் மேலே இருக்கிறவர், எல்லோரும் அவள் பள்ளிக்கூடம் போகிற நேரம் பார்த்துக் காரியத்தை முடித்துவிட்டார்கள். தனக்கென்று ஒரு நியாயம் கேட்க இந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை.

"அப்ப என்னை எதுக்கு வெயில்ல அனுப்புன?"

"கடைசியா ஒரு ஜெபத்துக்குத்தான். அப்பா உன்னையும் கேட்டாவ. செல்வி எங்க, செல்வி எங்கன்னு."

ஜெபசெல்வி விரிப்பைப் பழைய மடிப்பிலேயே மடிக்கத் தொடங்கினாள்.

"மூணு பஸ்ஸு போனத வாசல்ல நின்னு பாத்தேன்" என்றாள் அம்மா.

அவள் குரலில் கோபம் இல்லை. ஜெபசெல்வி திட்டுக்காகக் காத்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குப் பதினாறு வருஷத்தையும் கொட்டியிருப்பாள்.

அம்மா முந்தானையால் அவள் முகத்துப் புழுதியைத் துடைத்தாள். ஜெபசெல்வி முகத்தைத் திருப்பினாள். கை கூடவே வந்தது.

"பக்கத்து வீட்டுப் பிச்சம்மா காப்பி கொண்டாந்திருக்கா. காலையிலேருந்து நீ ஒண்ணும் குடிக்கல. இந்தா."

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. தம்ளர் சுட்டது. ஜெபசெல்வி அதைக் கீழே வைக்கவில்லை.